உறையாத எண்ணெயும் உறைந்துபோன மூக்கரும்

உயிர் இருக்கிறவரை விமானத்தில் ஏறுவதில்லை என்று மூக்கர் முடிவு கட்டியிருந்தார். ஏறினால் உயிர் இருக்காது என்பது அவர் கட்சி.

மனிதர் வேலை பார்ப்பதோ விமான எரிபொருள் ஆலையில்! வீடுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி, சுத்தம் பண்ணி, அதன் குணத்தையே மாற்றி, விமானத்துக்கு ஊற்றுகிற ஆலை அது. வருகிற எண்ணெயில் கோளாறு இருந்தால் முகர்ந்தே சொல்லிவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். போகிற எரிபொருள் மேலே கடுங்குளிரில் உறையாது என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். அந்தக் கையெழுத்தை நம்பி ஊரே பறக்கிறது. அவரோ பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறவேண்டுமென்றால் மனைவியைக் கூப்பிடுவார்.

மகளைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பேத்தி பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, எப்பதான் போய்ப் பார்க்கிறது?"

"லீவு கிடைக்கட்டும்மா."

மனைவி போனிலேயே பேத்தியைக் கொஞ்சுவாள். கொஞ்சி முடித்து, அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்துவாள். மூக்கருக்கு அது கேட்கும். பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

இப்படியிருக்கையில்தான் மேனேஜர் கூப்பிட்டு அந்தக் குண்டைப் போட்டார்.

"நம்ம எரிபொருளை மட்டுமே ஊத்தி முதல் விமானம் கிளம்புது. உங்க பொண்ணு இருக்கிற ஊருக்குத்தான். சோதிச்ச ஆளே ஏறினா ஜனங்களுக்கு நம்பிக்கை வரும். நீங்கதான் போறீங்க!"

மூக்கர் அவசரமாக ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"எனக்கென்ன சார் பயம்? வீட்டுலதான்... ரொம்பப் பயந்த சுபாவம். காலைப் பிடிச்சுக்கிட்டு அழுவா. விடவே மாட்டா சார்."

"அவ்வளவுதானே? நாளைக்குச் சாயங்காலம் நானே வந்து அவங்ககிட்ட பேசுறேன்."

போச்சுடா! பயமே அறியாத பெண்டாட்டியை நாளைச் சாயங்காலத்துக்குள் பயந்தாங்கொள்ளி ஆக்கியாக வேண்டும். பல்லி விழுந்தால் வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே போடுகிறவள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, பொரித்த எண்ணெயை ஒரு டம்ளரில் ஊற்றி ஃப்ரிட்ஜின் ஐஸ் தட்டில் வைத்தார். சாப்பாடு முடிந்ததும் எடுத்து வந்து அவள் முன்னால் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"பாரு. கல்லாட்டம் உறைஞ்சிடுச்சு. மேல குளிர் இதைவிட எத்தனையோ மடங்கு. நடுவானத்துல எண்ணெய் இப்படி ஆனா என்ன ஆகும்?"

"என்னங்க ஆகும்?"

"பொத்துனு கடல்ல விழுவோம். எலும்புகூடக் கிடைக்காது. அப்படிப்பட்ட விமானத்துல என்னை ஏறச் சொல்றாங்க."

சொல்லச் சொல்ல அவரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ! நான் உங்களை விடவே மாட்டேங்க!"

"அதையே மேனேஜர்கிட்டயும் சொல்லு. அழுதா இன்னும் நல்லது."

சொல்லிவிட்டு டம்ளரைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்தவர், அதை அப்படியே மறந்துபோனார் பாருங்கள், அங்கேதான் சனி உட்கார்ந்தது.

மறுநாள் சாயங்காலம் மேனேஜர் வந்தார். மூக்கர் பக்கத்து நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார். இவள் ஒழுங்காக அழவேண்டுமே என்று மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா பயம்? உங்க பொண்ணு இருக்கிற ஊருக்குத்தானே போறார்? நம்ம எரிபொருள் ரொம்பப் பாதுகாப்பானது."

"நான் என்னத்தைக் கண்டேன் சார்? நேத்து இவர் ஒண்ணு காட்டினார். பார்த்ததுலேருந்து கை கால் ஓடல. இருங்க, எடுத்துட்டு வர்றேன்."

மூக்கர் எழுந்திருப்பதற்குள் டம்ளர் மேசைக்கு வந்துவிட்டது. மேனேஜர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். புருவம் ஏறியது.

"இது என்னம்மா?"

"அதுவா? நடுவானத்துல நம்ம எண்ணெய் எப்படின்னு இவர்தான் சார்..."

உறையாது என்று ஆலையில் கையெழுத்துப் போட்டவனே வீட்டில் உறையும் என்கிறான் என்று தெரிந்தால் வேலை அம்பேல்! மூக்கர் பாய்ந்து குறுக்கே விழுந்தார்.

"சாதா எண்ணெய்தான் இப்படி உறையும், நம்ம எரிபொருள் உறையவே உறையாதுன்னு புரிய வச்சேன் சார்!"

"அப்படியாங்க சொன்னீங்க? எனக்கு என்னமோ கடல், எலும்புன்னு..."

"அப்படித்தான் சொன்னேன்!"

"அப்ப பயமே இல்லையா?"

"துளிகூட இல்ல!"

"நான்கூட ஏறலாமா?"

"தாராளமா ஏறலாம்!"

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "அப்ப ஜோடியாவே போயிட்டு வாங்க. ரெண்டு சீட் போடச் சொல்றேன்."

விமானம் மேலே எழும்பியபோது மூக்கர் கண்ணைத் திறக்கவில்லை. குலதெய்வத்தில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டுக்காரர் தெய்வம் வரை ஒன்று விடாமல் கூப்பிட்டார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் எண்ணெய் உறைகிற சத்தம் அவர் காதில் கேட்டது. மனைவி அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. நீங்க கையெழுத்துப் போட்டதாச்சே, உறையாது."

"நான் பயப்படுறேன்னு யார் சொன்னா?"

"ஸ்டூல்ல ஏறாத மனுஷனுக்கு லீவு ஏன் கிடைக்கலேன்னு எனக்குத் தெரியாதா?"

மூக்கர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அவள் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்தியை நினைத்தோ என்னவோ, கன்னம் நனைந்திருந்தது. அவர் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சரி, போனது போகட்டும். திரும்பும்போது கப்பல்ல வந்துடலாம்மா. எத்தனை நாள் ஆனாலும் சரி."

"கப்பலா? திங்கக்கிழமை டியூட்டிக்கு வந்துடுவீங்கன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேனே."

மூக்கர் திறந்த கண்ணையும் மூடிக்கொண்டார். "பரவாயில்ல. நீ பக்கத்துல இருந்து இப்படிக் கையைப் பிடிச்சுக்கிட்டா வந்துடுவேன்."

"நானா? நான் ரெண்டு மாசம் பேத்தியோட இருந்துட்டு வர்றேங்க. உங்களுக்குத் தனியா போரடிக்கக் கூடாதுன்னு ஜன்னல் சீட்டா சொல்லி வச்சிருக்கேன்."