விசாரணை அண்ணாச்சி ஜெர்மனி போன கதை

பிறந்ததைத் தவிர வேறு எந்தக் காரியத்தையும் விசாரிக்காமல் செய்யாத மனிதர் ஒருவர் சிவகாசியில் இருக்கிறார். விவரம் தெரிந்த பிறகு, பிறந்ததைப் பற்றியும் தன் அம்மாவிடம் தீர விசாரித்துவிட்டார் என்று எங்கள் அச்சகத்தில் பேசிக்கொள்வோம்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பள நாளன்று மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் அவர் 'விசாரணை அண்ணாச்சி'தான். நாரணாபுரம் ரோட்டில் ஒரு காலண்டர் கம்பெனியில் அவர் ஆர்டர் பிடிக்கும் மேனேஜர். நான் அங்கே கம்ப்யூட்டரில் சாமி படங்களுக்கு ஒளிவட்டம் போடுகிறவன்.

பரோட்டாக் கடைக்குப் போனால் அண்ணாச்சி உள்ளே நுழைய மாட்டார். கை கழுவிவிட்டு வெளியே வருகிறவர்களை வாசலில் மறித்து, "சால்னா எப்படி இருக்கு? நேத்தைக்கு இன்னைக்கு தேவலையா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குத் திருப்தி வரும்போது கல்லைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். ஒருமுறை பல் பிடுங்கப் போனார். அந்தப் பல்லின் கடந்த காலம், எதிர்காலம் பற்றியெல்லாம் கேட்ட கேள்வியில் டாக்டர் குழம்பிப்போய்ப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அண்ணாச்சி அதை மறுப்பார். பிடுங்கியது சரியான பல்தானாம். டாக்டர்தான் அதற்கப்புறம் வேறு ஊருக்குப் போய்விட்டாராம்.

இப்படிப்பட்டவருக்கு ஜெர்மனியில் ஒரு மைத்துனர். அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் மதினி என்போம். அந்த மதினியின் தம்பிக்கு மியூனிக் நகரத்தில் வேலை. ஆனி மாதம் ஒருநாள் அவர் போனில் கூப்பிட்டார்.

"அத்தான், டிக்கெட்டெல்லாம் என் பொறுப்பு. செப்டம்பர் கடைசியில நீங்களும் அக்காவும் வாங்க. ஒலகமே பார்க்க வர்ற பீர் திருவிழா இங்கதான் நடக்கு."

அண்ணாச்சி பீர் பாட்டிலைக் கையில் எடுத்திருக்கிறார், அதில் ஒட்டிய லேபிளின் அச்சு எப்படி என்று பார்ப்பதற்காக மட்டும். போதாக்குறைக்கு, செப்டம்பர் கடைசி என்றால் காலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கும். அப்போது முதலாளியிடம் லீவு கேட்பதும் அவருடைய கிட்னியைக் கேட்பதும் ஒன்று. வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். ஆனால் 'ஒலகமே' என்ற அந்த வார்த்தை அண்ணாச்சியைத் தூங்க விடவில்லை.

"ஒலகமே போகுதுன்னா அதுல என்னமோ இருக்கணும்லாலே? அம்புட்டுத் தூரம் போறதுக்கு அது பெறுமான்னு விசாரிச்சுப் பார்த்துருவோம்" என்றார் என்னிடம்.

முதல் விசாரணை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மதுக்கடை வாசலில் நடந்தது. துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. அந்தக் கோலத்தில் ஒரு மனிதர், "ஒரே மூச்சுல ஒரு லிட்டர் பீரு குடிச்சா ஒடம்புக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டால் குடிக்க வந்தவன் என்ன நினைப்பான்? மஃப்டி போலீஸ் என்று இரண்டு பேர் ஓடினார்கள். ஒருவர் மட்டும் நின்று, ஜெர்மனி விவரத்தையும் கேட்டுக்கொண்டு, மிகுந்த பரிவோடு பதில் சொன்னார்.

"பீரு குடிக்க பிளேன்ல போகப்போறீகளா? எதுக்கு அண்ணாச்சி? இங்கன ஆட்டோல வந்தாலே போதும்லா."

சாயங்காலத்துக்குள் அண்ணாச்சி குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. மறுநாள் முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "வீட்டுல எதுவும் பிரச்சினையா? என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். அண்ணாச்சி அதற்குப் பதில் சொல்லாமல், "நீங்க பீரு குடிச்சிருக்கீகளா?" என்று திருப்பிக் கேட்டார். முதலாளி அவசரமாக எழுந்து மிஷின் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்து ஒரு சந்தேகம். திருவிழா நடப்பது புரட்டாசியில். மதினி புரட்டாசி முழுக்க அசைவம் தொட மாட்டார். அண்ணாச்சி நேராகப் பெருமாள் கோயிலுக்குப் போய், தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்த பட்டரிடம், "சாமி, பீரு சைவமா அசைவமா?" என்று கேட்டார். பட்டர் மூலவரைத் திரும்பிப் பார்த்தார். மூலவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தத் திருவிழாவில் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தால்தான் பீர் தருவார்கள் என்று எங்கோ படித்துவிட்டு வந்தார். அன்று மதியம் கேன்டீனில் எங்கள் எல்லாரையும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார வைத்து, எத்தனை நேரம் தாங்குகிறது என்று சோதித்தார். ஆட்கள் தாங்கினோம். பெஞ்சுதான் முறிந்தது.

இதற்கிடையில் கம்பெனியின் பெரிய அச்சு மிஷினைச் சரிபார்க்க ஒரு ஜெர்மன்காரர் வந்தார். விசாரித்தால், அவர் அந்த மியூனிக் ஊர்க்காரரேதான். அண்ணாச்சியின் முகத்தில் வந்த வெளிச்சத்துக்கு நான் ஒளிவட்டமே போட வேண்டியதில்லை. என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, அந்த மனிதரை மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் மடக்கினார்.

"அந்தத் திருவிழா போய்ப் பார்க்கப் பெறுமான்னு கேளு."

ஜெர்மன்காரர் கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். சின்ன வயதில் போனதோடு சரியாம். இப்போதெல்லாம் அந்தச் சமயத்தில் கூட்டத்துக்குப் பயந்து மனைவியை அழைத்துக்கொண்டு மலைப்பக்கம் போய்விடுவாராம். பிறகு, தீபாவளிக்குச் சிவகாசி வந்தால் பிரமாதமாக இருக்குமா என்று ஆர்வமாகக் கேட்டார்.

அண்ணாச்சி அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தார். "நாங்க அன்னைக்குக் கதவைச் சாத்திட்டு ஒறங்குவோம்னு சொல்லுலே. ஆடி மாசத்துல இருந்து ராத்திரி பகலா வேலை பார்த்த ஒடம்பு."

இருவரும் சிரித்துக்கொண்டு கை குலுக்கினார்கள். அந்த இடத்தில் விசாரணை முடிந்தது. "ஊர்க்காரனே ஓடுதான். நமக்கு எதுக்கு? பெறாது" என்று அண்ணாச்சி தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. இலையில் மதினி சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி அந்தத் தீர்ப்பை இன்னொரு தடவை விளக்கினார். மதினி கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டார்.

"சாராயக் கடையில கேட்டீக. கோயில்ல கேட்டீக. மிஷின் ரிப்பேரு பார்க்க வந்த வெள்ளைக்காரருட்ட கேட்டீக. என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

அண்ணாச்சி நிமிர்ந்தார். "ஒனக்கு எதுக்குப் பீரு?"

"பீரு யாருக்கு வேணும்? தம்பி படம் அனுப்புனான். அங்கன எம்புட்டுப் பெரிய ராட்டினம் போட்டுருக்காக! எனக்கு அதுல ஏறணும்." மதினியின் குரல் லேசாக இறங்கியது. "கல்யாணமான வருசம் இருக்கன்குடித் திருவிழாவுல ராட்டினத்துல ஏறலாமான்னு கேட்டேன். போல்ட்டெல்லாம் சரியா இருக்கான்னு விசாரிச்சுட்டு வாரேன்னு போனீக. நீங்க விசாரிச்சுட்டு வாரதுக்குள்ள அவன் ராட்டினத்தையே கழட்டி லாரியில ஏத்திட்டான்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன், அடங்கிவிட்டது. சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "இத்தன நாளா ஏன் சொல்லல?" என்றுகூட அவர் கேட்கவில்லை. அண்ணாச்சி கேள்வி கேட்காமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் காலையில் முதலாளி அறைக்குள் போய், "செப்டம்பர் கடைசியில நான் இருக்க மாட்டேன்" என்றார். லீவு கேட்கவில்லை, தகவல் சொன்னார். சீசன், ஆர்டர், டெலிவரி என்று முதலாளி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி அசையவில்லை. கடைசியில், "போயிட்டு வாரும். அங்க யாருக்காவது காலண்டர் வேணுமான்னு மட்டும் விசாரிச்சுட்டு வாரும்" என்று முதலாளி இறங்கி வந்தார்.

விசா அலுவலகத்தில், எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார்களாம். "என் வீட்டுக்காரி ராட்டினத்துல ஏறணும்" என்றாராம். கேட்ட பெண் சிரித்துவிட்டாளாம்.

அக்டோபரில் திரும்பி வந்தார். டீக்கடையில் நாங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டோம். அவர் எங்களைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து வட்டியும் முதலுமாகக் கேட்டோம். பீர் எப்படி? எலுமிச்சம்பழ ஜூஸ்தான் குடித்தாராம். கூட்டம்? இருந்ததாம். காலண்டர் ஆர்டர்? மறந்துவிட்டாராம்.

"சரி, ராட்டினம் பாதுகாப்பான்னு விசாரிச்சீகளா?" என்று கேட்டேன்.

"இல்லலே. டிக்கெட்டு வாங்குனோம், ஏறிட்டோம்." டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். "மேல போகப் போக நான் கண்ணை இறுக்க மூடிட்டேன். உச்சிக்குப் போனதும் அவ ஒரு சத்தம் போட்டா பாரு... சந்தோசத்துல. அப்படி ஒரு சத்தம் அவளுக்குள்ள இருந்துருக்கு. எனக்குத் தெரியவே தெரியாதுலே."

அவர் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. நான் எழுந்துபோய் அவருக்குச் சூடாக இன்னொன்று வாங்கி வந்து கொடுத்தேன்.