அடுத்த ஏப்ரலில் கார் வாங்குகிறவர்

கார் வைத்திருப்பவர், வைத்திராதவர் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: அடுத்த ஏப்ரலில் வாங்கப்போகிறவர்.

மூலக்குளத்தில் எங்கள் தெருவில் இருப்பவர் நெடுமாறன். ஒன்பது வருஷத்துக்கு முன்பே வீட்டு வாசலில் கார் ஷெட் போட்டுவிட்டார். தரைக்கு டைல்ஸ், மேலே விளக்கு, திருஷ்டி பொம்மை கூட உண்டு. காரைத்தான் காணோம். அங்கே அவர் மனைவி சந்திரகலா துணி காயப்போடுவார்.

ஏன் வாங்கவில்லை என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால், ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதி மாறுகிறது என்பார். மாறியதும், புது எஞ்சின் எப்படி ஓடுகிறதென்று பார்ப்போம் என்பார். பார்த்ததும், ஒரு கம்பெனி விற்கிற எல்லாக் கார்களின் கார்பனையும் சேர்த்துச் சராசரி பார்க்கிறார்கள், வரம்பு மீறினால் அபராதம், அதனால்தான் சின்ன டீசல் காரை நிறுத்திவிட்டு மின்சாரக் காரை இறக்குகிறார்கள், இனி விலை குறையும் என்பார். விலை ஏறியதும், அடுத்த ஏப்ரல் என்பார். அவர் விவரம் தெரியாதவர் இல்லை. அதுதான் கொடுமை.

போன வருஷம் சந்திரகலாவுக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்தது. தினமும் பிசியோதெரபிக்குப் போகவேண்டும்; விட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்றார் டாக்டர். பைக்கில் உட்கார முடியாது. பஸ் படி ஏற முடியாது.

"ஏங்க, இந்த மாசமாவது ஒரு வண்டி எடுங்களேன்."

"இப்ப எடுத்தா ஏமாந்துடுவோம் கலா. ஏப்ரல்ல ரூல்ஸ் மாறுது."

"அது என் முட்டிக்குத் தெரியுமா?"

நெடுமாறன் செல்போனில் மைலேஜ் பார்க்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை ஷெட்டில் ஓர் ஆட்டோ நின்றது. பின்தெரு சின்னக்கண்ணுவுடையது. வண்டி மழையில் நனையாமல் நிற்க அவருக்கு இடம். பதிலுக்கு, தினமும் பிசியோதெரபிக்கு அழைத்துப்போய் வரவேண்டும். சந்திரகலா பேசி முடித்த ஏற்பாடு.

நெடுமாறன் ஆட்டோவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். குனிந்து புகைக்குழாயைப் பார்த்தார்.

"இன்னாப்பா, இது எந்த ரூல்ஸ்ல வந்த வண்டி?"

"அதெல்லாம் தெரியாது சார். இழுத்தா ஸ்டார்ட் ஆவும். ஏறுக்கா, டைம் ஆச்சு."

சந்திரகலா இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறார். நெடுமாறனும் சும்மா இல்லை. மழை நாட்களில் அதே ஆட்டோவில் ஏறி ஷோரூமுக்குப் போய், புது விலைப்பட்டியல் வாங்கி வருகிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நடுவில், 'சரி, அந்தப் புது விதி எந்த ஏப்ரலில் வருகிறது?' என்று ஒரு நொடி தோன்றியதல்லவா? எழுந்துபோய், உங்கள் ஷெட்டில் என்ன காய்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.