சூரியகாந்திக் கட்டு

'அனுபவம்' என்ற சொல்லுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவன் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வெற்றிடமும் பெரிதானது.

ஆம்புலன்ஸ் நிலையத்தில் உதவியாளர் வேலை. வெள்ளிக்கிழமை நேர்காணல். படிப்பு முடித்த சான்றிதழ் கையில் இருந்தது. மாரடைப்பு வந்த ரப்பர் பொம்மையைப் பிழைக்கவைத்து வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியிருந்தான். பொம்மையை அனுபவத்தில் சேர்க்கலாமா என்று யோசித்தான். வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து அத்தானின் மெத்தைக் கடைதான். அக்காள் கணவர் அவனுக்காக அங்கே ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டாயிற்று. சுழலும் ஸ்டூல். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதன் அருமை பெருமைகளைச் சொல்லுவார்.

அத்தான் பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன, விசிட்டிங் கார்டா? பேரு இருக்கு, போன் நம்பர் இருக்கு. அப்புறம் ஒண்ணுமே இல்ல."

"நிஜமாவே ஒண்ணும் இல்ல அத்தான்."

"அதுக்காக அப்படியே காட்டுவாங்களா? நூறு பேரைக் காப்பாத்தினேன்னு போடு. யாரு எண்ணப் போறா?"

அவன் மறுத்தான். செய்யாததை எழுதக் கூடாது என்பது வகுப்பில் முதல் பாடம். ரத்த அழுத்தம் பார்க்காமலே ரத்த அழுத்தம் எழுதிய ஒருவனை ஆசிரியர் வெளியே நிறுத்தியிருந்தார். இப்படி உண்மை பேசுகிற ஆளால் ஒரு தலையணைகூட விற்க முடியாது என்றார் அத்தான்.

வழி சொன்னவள் அக்காள். செய்யாமல் எழுதினால்தானே பொய், செய்துவிட்டு எழுது என்று தன் மணிக்கட்டை நீட்டினாள். துணி பிழிந்து பிழிந்து வலிக்கிறதாம்.

அவன் முறைப்படி செய்தான். அவள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தான். தன் பெயரைச் சொன்னான். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, குத்தலா, கடுப்பா என்று கேட்டான். பதிலை முழுதாகக் கேட்டுக்கொண்டான். பிறகு கட்டுப் போட்டான். வகுப்பில் சொல்லிக்கொடுத்த கடைசி வாக்கியத்தையும் விடவில்லை.

"நான் சொல்ற வரைக்கும் அவிழ்க்காதீங்க."

அக்காள் கட்டைத் தடவிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கே வலிக்கிறது என்று தன்னை ஒருவரும் கேட்டதில்லை என்றாள். அத்தான் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

இதை அவள் மாடிப்படியில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

மூன்றாம் மாடியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வந்தார். அவன் அத்தானின் கையிலிருந்த செய்தித்தாளை வாங்கி மடித்து, அவருக்குக் கழுத்துப் பட்டை கட்டினான். தையல்காரி விரலோடு வந்தாள். வாட்ச்மேன் முழங்காலோடு வந்தார். இரண்டாம் மாடித் தம்பதி ஆளுக்கொரு தோளைக் காட்டினார்கள். யாருக்கு வலி அதிகம் என்பதில் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவன் இருவருக்கும் ஒரே அளவில் கட்டினான்.

எல்லோரிடமும் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தான். எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேட்டான். சிலர் வலியைச் சொல்லி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. மருமகளைப் பற்றியும் சொன்னார்கள். எல்லோரிடமும் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னான். பிறகு எப்போது அவிழ்க்கச் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் கற்றுத்தரவில்லை. பொம்மைகள் கேட்டதில்லை.

புதன்கிழமை கட்டுத்துணி தீர்ந்துவிட்டது. பழைய துணி கேட்டான். அம்மா கூடத்து ஜன்னல் திரையில் பாதியை வெட்டிக் கொடுத்தாள். நல்ல மஞ்சள். தட்டு அகலத்துக்குச் சூரியகாந்திப் பூக்கள். சாயங்காலத்துக்குள் மறுபாதியும் போயிற்று. வெள்ளைத் துணியில் கட்டுப் போட்டுக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து, தங்களுக்கும் பூப்போட்டது வேண்டும் என்று நின்றார்கள். அவன் அவிழ்த்து மறுபடி கட்டினான். கை பழகிவிட்டிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பயோடேட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். ஒருவரும் கீழே விழவில்லை. ஒருவருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. 'அனுபவம்' என்பதன் கீழே 'இல்லை' என்று எழுதினான்.

திரையில்லாத ஜன்னல் வெளிச்சத்தில் அம்மா அதைப் படித்தாள்.

"என் திரைச்சீலை போச்சு. தெருவே நம்ம வீட்டு டிவியைப் பார்க்குது. கடைசில 'இல்லை'ன்னு எழுதறியா?"

"அடிபட்டவங்க யாரும் இல்லம்மா."

"அப்ப தலைமையாசிரியர் கழுத்து?"

"தலையணை சரியில்ல."

அத்தான் எழுந்து மூன்றாம் மாடிக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை கோப்பின் நாடா அறுந்துவிட்டது. மிச்சமிருந்த திரைத்துணியில் ஒரு கீற்றைக் கிழித்து அம்மா அதைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். அவன் கீழே இறங்கினான். கட்டிடமே வாசலுக்கு வந்திருந்தது. கூட்டத்தில் கட்டில்லாத ஆள் அத்தான் ஒருவர்தான். நிற்க முடியாதவர்கள் மதில் ஓரமாகத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேன் காலை நீட்டிப் படுத்தே விட்டார். தலையை ஆட்ட முடியாததால் தலைமையாசிரியர் கையை ஆட்டினார். தெருவோடு பைக்கில் போன ஒருவர் சட்டென்று பிரேக் பிடித்தார். கூட்டத்தைப் பார்த்துக் கைபேசியை எடுத்தார். படம் பிடிக்கிறார் என்று நினைத்துத் தையல்காரி தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

அவன் பஸ்ஸில் போய் இறங்கியபோது நிலையத்தின் வாசலிலிருந்து ஆம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறிக்கொண்டு வெளியேறின. அவன் ஒதுங்கி நின்று பார்த்தான். அடுத்த முறை உள்ளே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளே நிலைய அதிகாரி மட்டும் இருந்தார். கண்ணாடி போட்ட அம்மாள். மேஜைமேல் வயர்லெஸ் இரைந்துகொண்டிருந்தது. அதன் குரலைத் தணித்துவிட்டு, கோப்பின் துணியை அவிழ்த்து ஓரமாக வைத்தார். படிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"அனுபவம், இல்லை. இப்படி எழுதிக் கொடுத்தவங்களை நான் பார்த்ததே இல்ல."

"உண்மை அதுதான் மேடம்."

"ஒரு கட்டாவது போட்டிருக்கீங்களா?"

"நிறையப் போட்டிருக்கேன். ஆனா அடிபட்டவங்களுக்கு இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அடிபடாதவங்களுக்கு எதுக்குக் கட்டு?"

அவர் கோப்பை மூடினார். பார்த்தால் நல்ல பையனாகத் தெரிகிறது, ஆனால் தனக்கு வேண்டியது கூட்டமாக அடிபட்டுக் கிடக்கிற இடத்தில் கை நடுங்காமல் நிற்கிற ஆள் என்றார். இப்போதுகூட அப்படி ஓர் இடத்துக்குத்தான் அத்தனை வண்டிகளும் போயிருக்கின்றன. எங்கேயாவது கொஞ்ச நாள் இருந்து அனுபவம் சேர்த்துக்கொண்டு வரட்டும்.

அவன் எழுந்தான். கண்ணெதிரே மெத்தைக் கடை ஸ்டூல் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

கதவைத் திறந்துகொண்டு டிரைவர் ஒருவர் வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"எத்தனை பேரை ஏத்தினீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒருத்தரும் ஏறல மேடம். ஒருத்தர் உடம்புலயும் ஒரு கீறல்கூட இல்ல. ஆனா எல்லாருக்கும் கட்டு. கட்டுன்னா அப்படி ஒரு கட்டு, நம்ம ஆளுங்ககூட அவ்வளவு நேர்த்தியா போட மாட்டாங்க. அவிழ்க்கலாம்னு கிட்ட போனா கையைத் தட்டிவிடறாங்க. ஒருத்தர் மட்டும் சும்மா நிக்கறாரேன்னு போனா, எங்க வண்டிக்கு மெத்தை வேணுமான்னு கேக்கறாரு."

டிரைவர் பேச்சை நிறுத்தினார். மேஜையின் ஓரத்தில் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். அதை இரண்டு விரலால் தூக்கி, அதிலிருந்த பூவைப் பார்த்தார். பிறகு கதவருகே நின்றவனைப் பார்த்தார்.

"மேடம், இவரை முதல்ல வேலைக்கு எடுத்துக்கோங்க, அங்க அத்தனை கட்டையும் அவிழ்க்க இவர் வந்து ஒரு வார்த்தை சொல்லணுமாம்."