கம்பவுண்டர் காப்பாற்றிய ராணி

இங்கிலாந்து ராஜாவை முகத்துக்கு நேராகத் திட்டிவிட்டு, அதே மூச்சில் டீ குடித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். பிள்ளைகளே, அவர் எங்கள் ஜமுனாமரத்தூர் கம்பவுண்டர்.

அப்போது எங்கள் தெருவில் அவர் வீட்டில் மட்டும்தான் டி.வி. இருந்தது. கறுப்பு வெள்ளை. வாரம் ஒரு நாள் சாயங்காலம் இங்கிலீஷில் ராஜா ராணி நாடகம் போட்டார்கள். கம்பவுண்டர் தமிழில் சொல்லச் சொல்ல, பாயில் உட்கார்ந்து இருபது பேர் கேட்போம். அவருடைய இங்கிலீஷ் முழுவதும் மருந்து பாட்டிலில் படித்தது. ராஜா நாலு நிமிடம் பேசினால், "வேணான்றான்" என்று முடித்துவிடுவார். ராணி ஒரு வார்த்தை சொன்னால் கால் மணி நேரம் விளக்குவார். அரண்மனையில் எல்லோர் கழுத்திலும் மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி இருந்தது. அது என்னவென்று ஒருவர் கேட்டதற்கு, "சுளுக்கு. பனி ஊரு இல்ல? கட்டு போட்டிருக்காங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

ஒரு வாரம் ராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ராஜா தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பொண்ணுன்னா இன்னாடா கொற உனுக்கு?" என்று டி.வி.யைக் கேட்டுவிட்டு டீயை உறிஞ்சினார் கம்பவுண்டர்.

அவர் மகள் மல்லிகா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் இரண்டும் பெண்கள். ஆண் பிள்ளை இல்லையென்று ஒடுகத்தூர்க் கணவன் அவளை அப்பா வீட்டுக்கு அனுப்பி ஆறு மாதமாகியிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து மல்லிகாதான் பாயில் முதல் ஆள். நாடகம் முடிந்ததும் ஒரே கேள்வி: "ராணிய இன்னாப்பா பண்ணுவாங்க?"

ஒன்றும் பண்ண மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார், ஏதோ லண்டனில் இவர் பேச்சு எடுபடும் என்பது போல.

கடைசி வாரம் ராணியை ஒரு மேடைக்கு அழைத்து வந்தார்கள். கம்பவுண்டர் சட்டென்று எழுந்தார். படம் ஆடுகிறது, ஆன்டெனாவைப் பார்க்கிறேன் என்று வெளியே போனார். படம் ஆடவேயில்லை. உதவலாமென்று பின்னால் போனேன். தூறலில் நின்று மூங்கில் கம்பத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பக்கம் திருப்புனா படம் போய்டும்."

"போவட்டும். தலைய வெட்டப் போறானுங்க. மல்லிகா பாக்க வேணாம்."

"அப்படின்னு சொன்னாங்களா?"

"கோடாலி எடுத்தாந்துட்டானுங்க. அதுக்கு இன்னாத்துக்குடா இங்கிலீஷ்?"

நாடகம் முடியும்வரை கம்பத்தை விடவில்லை. பிறகு சொட்டச் சொட்ட உள்ளே வந்து, வெறும் புள்ளியாக இரைந்துகொண்டிருந்த டி.வி.யை அணைத்துவிட்டு முடிவைச் சொன்னார். அந்த ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்களாம். தப்பு ராஜா மேல்தானாம். ராணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாளாம்.

"அங்க சேத்துக்கினாங்களா?" என்றாள் மல்லிகா.

"சேத்துக்கறது இன்னா? அவ வூடுதான அது."

மல்லிகா அவருக்குத் துண்டு எடுத்து வரப் போனாள்.

நான் எட்டாவது வரை படித்தவன். கம்பவுண்டருக்கு இங்கிலீஷ் தெரியாதென்று முதல் வாரமே எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் உங்களிடம்தான் சொல்கிறேன். அந்தப் பக்கம் போனால், மல்லிகாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.