மேப்பிள் மரத்து வைரவர்

உலகமே எதிர்த்தாலும் அந்த மேப்பிள் மரத்தை வெட்ட விடுவதில்லை என்று சண்முகலிங்கம் முடிவெடுத்தார். உலகம் எதிர்க்கவில்லை. மனைவி கோணேஸ்வரி எதிர்த்தாள். அது உலகத்தைவிடப் பெரிய விஷயம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணி. புலம்பெயர்ந்து வந்து வாங்கிய மல்வேர்ன் வீட்டுப் பின்வளவில், வேலையால் வந்ததும் மரத்தடியில் கதிரை போட்டு ஒரு சிகரெட் பற்றவைப்பார். டொக்டர் விடச் சொல்லி இரண்டு வருஷம். பட்டையில் சின்னப் பூச்சிகள் மந்தையாகத் திரியும். பாசியை மேய்ந்தபடி நூறும் ஒன்றாக நகரும்; விரலை நீட்டினால் நூறும் ஒன்றாக விலகும். மேக நிழலொன்று மரத்தில் ஊர்வது போலிருக்கும். பட்டைதான் அவற்றுக்கு வீடு, வயல், ஊர் எல்லாம். ஐம்பத்துமூன்று வயதில் தான் எவரோடாவது இப்படி இசைந்து போயிருக்கிறேனா என்று யோசிப்பார். யோசனை முடியமுன் சிகரெட் முடிந்துவிடும். இன்னொன்று எடுப்பார்.

“மரம் முழுக்கப் பூச்சி. சனிக்கிழமை பக்கத்து வீட்டு எங்கட பொடியன் அல்பேட் மரம் அரியிற வாளோட வாறான்,” என்றாள் கோணேஸ்வரி.

“அதுகள் இலையைக்கூடத் தொடாதுகளப்பா. பாசியைத் தின்னுதுகள், அவ்வளவுதான்.”

“வாள் வருது. அவ்வளவுதான்.”

சனி காலை, மரத்தில் திருநீறு பூசி, தோட்டம் கிளறும் மூன்று பல் முள்ளைச் சூலமாக நட்டுவிட்டு மனைவியிடம் ஓடிவந்தார்.

“இஞ்சேரும், வைரவர் கனவில வந்தவர். உந்த மரத்திலதான் இருக்கிறாராம்.”

“நாயும் வந்ததோ?”

“ஓம், வெள்ளை நாய்.”

“வைரவற்ற நாய் கறுப்பெல்லே?”

“கனவில ஸ்நோ கொட்டினது.”

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வென்றுவிட்ட மயக்கத்தில் அவர் கண்ணை மூடினார். திறந்தபோது கதிரையைக் காணவில்லை.

“கோயிலுக்குள்ள கதிரையோ? செருப்பைக் கழட்டுங்கோ. பொக்கற்றில கிடக்கிற சிகரெட் பெட்டியையும் தாங்கோ.”

“நான் முன்பக்கம் போய்…”

“காவல் தெய்வமெல்லே? வளவு முழுக்க அவருக்குக் கண்.”

சண்முகலிங்கம் வெறுங்காலோடு கைகூப்பி நின்றார். மந்தை திருநீற்றைச் சுற்றி வளைந்து, அவசரமில்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. சாமி உண்மையாகவே வந்துவிட்டாரோ என்று அவருக்கே ஒரு சந்தேகம்.

வேலிக்கு மேலால் அல்பேட்டின் தலை தெரிந்தது.

“அக்கா, வாளைக் கொண்டரட்டோ?”

“வேண்டாம் தம்பி. மரத்தில எனக்கென்ன கோவம்? இவர் சிகரெட்டை விட்டிட்டார்.”