பேராசிரியர் பெல்லமியின் ஒரே எண்

இங்கிலாந்தில் ஹாரோகேட் நகரத்து ஓட்டல் ஒன்றில் அன்று நிற்க இடமில்லை. மருத்துவமனை அதிகாரிகள், மருந்துக் கம்பெனிக்காரர்கள், கோட்டும் டையுமாகப் பெரும் படிப்பாளிகள். எல்லாரும் பேராசிரியர் ஆஸ்வின் பெல்லமியைப் பார்க்க வந்தவர்கள். எந்த மருந்தைச் சொன்னாலும் மனிதர் மடிக்கணினியைத் தட்டுவார். அரசாங்கம் அதை வாங்கலாமா, கூடாதா? ஒரே எண்ணில் தீர்ப்பு. எண் வந்ததும் கைதட்டல். எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு படித்தவர்கள்.

சக்கர நாற்காலியில் வந்திருந்த க்வெண்டா ஹெப்டன் மட்டும் கைதட்டவில்லை. அவளுடைய நுரையீரல் மருந்தை நிறுத்த வைத்ததே அவர் தந்த அப்படி ஓர் எண்தான். இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"என் மருந்தை ஏன் சார் வேணாம்னீங்க?"

"தப்பா நினைக்காதீங்க மேடம். மருந்தால ஆயுசு கூடினா, நடமாடுறவங்களுக்குக் கூடுற ஒரு வருஷம் முழு வருஷம். உங்களுக்கு அது அரை வருஷம்தான். கணக்கு அப்படி."

"அப்போ என் பிறந்தநாளுக்கு நான் பாதி கேக்தான் வெட்டணுமா?"

கூட்டம் சிரித்தது. பெல்லமியும் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தார்.

"சரி, ரெண்டு மருந்தோட சோதனை முடிவு கொண்டாந்திருக்கேன்," என்றாள் க்வெண்டா. " போட்டுப் பாருங்க. முதல்ல இது. இன்னிக்கு நமக்கு டீ வாங்கித் தர்ற கம்பெனியோடது."

முடிவுகளை அவர் பார்த்தாரோ இல்லையோ, மேலே இருந்த கம்பெனிப் பெயரை நன்றாகப் பார்த்தார். "சோதனை ஒரு வருஷம் நடந்திருக்கு. பலன் ஆயுசுக்கும் இருக்கும்னு வெச்சுக்குவோம்." தட்டினார். "வாங்கலாம்."

கைதட்டல்.

"இது அவங்களோட போட்டிக் கம்பெனி மருந்து."

"இதுவும் ஒரு வருஷச் சோதனை. வருஷம் முடிஞ்சதும் பலன் நின்னுடும்னு வெச்சுக்குவோம்." தட்டினார். "வாங்கக் கூடாது."

அதற்கும் கைதட்டல்.

க்வெண்டா இரண்டு தாள்களையும் முன்வரிசை அதிகாரியிடம் நீட்டினாள். அவர் மாற்றி மாற்றிப் படித்தார்.

"கம்பெனிப் பேரைத் தவிர எல்லாம் ஒண்ணா இருக்கேம்மா?"

"ஒரே மருந்துதாங்க. நான் சாப்பிட்டுட்டு இருந்தது. பேரை மட்டும் நான் மாத்தினேன். மிச்சத்தை சார் மாத்திட்டாரு."

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரிக்க, அரங்கமே குலுங்கியது.

"அது... ஓர் அனுமானம்," என்றார் பெல்லமி. "ஒரு வருஷத்துக்கு அப்புறம் என்ன ஆகும்னு யாருக்குமே தெரியாதே."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

அவளுடைய மருந்தை மறுபடி பரிசீலிக்க அதிகாரிகள் அங்கேயே ஒப்புக்கொண்டார்கள். பெல்லமி பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார்.

கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருக்கிற பணத்தில் எல்லா மருந்தையும் வாங்க முடியாது. ஆனால் கணக்குப் போடுகிறவரைக் கேள்வி கேட்டால் உங்கள் கௌரவம் போய்விடாது. கேட்காமல் இருந்தால் மருந்து போகும். அப்புறம் ஆளும் போவார்.