இளவரசர் சாகவில்லை எனத் தீர்மானிக்கப்பட்டது

மனிதகுல வரலாற்றில் மாபெரும் பாய்ச்சல்கள் மூன்று. ஒன்று நெருப்பு. இரண்டு சக்கரம். மூன்று, எங்கள் உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் ஒரு துன்பியல் நாடகத்தை லென்ஸ் மாட்டிக் கற்பித்த முறை. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் பெயர் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பாவம். அவர்களிடம் தீர்மானப் புத்தகம் இல்லை. மூன்றாவதற்குக் கேடயம் வாங்கியவன் இதோ உங்கள் முன் நிற்கிறேன். இலக்கியத் துறையின் தலைவன், 'லென்ஸ் குழு'வின் நிரந்தரத் தலைவன், அதே பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணுக்குத் தகப்பன். மூன்றாவது பொறுப்புக்கு யாரும் ஆண்டறிக்கை கேட்பதில்லை என்பதால் அதை அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

பள்ளி திறந்த முதல் வாரம், சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு ஒரு பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். மூன்று நாள் பேசினார்.

"ஒரு நூலைச் சும்மா படிக்கிறது, வெறுங்கண்ணால சூரியனைப் பாக்கிற மாதிரி. கண்ணு போயிடும்!"

எங்களுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. இருபது வருடமாகப் பிள்ளைகளை வெறுங்கண்ணால் படிக்கச் சொல்லியிருக்கிறோம். எத்தனை கண்கள்! எவ்வளவு பாவம்! அவர் பெட்டியைத் திறந்து ஏழு லென்ஸ்களைத் திரையில் காட்டினார். பெண் லென்ஸ், உழைப்பு லென்ஸ், மனசு லென்ஸ், இயற்கை லென்ஸ் என்று வரிசையாக.

"முதல்ல லென்ஸை மாட்டணும். அப்புறம்தான் நூல். நேரமிருந்தா" என்றார்.

தலைமையாசிரியை எழுந்து நின்று கை தட்டினார். அவர் எழுந்தால் நாங்கள் உட்கார்ந்திருக்கும் வழக்கமில்லை.

அந்த வருடம் பாடத்திட்டத்தில் புதிதாக ஒரு பழைய நாடகம் சேர்ந்திருந்தது. கதை எளிது. போரில் வென்ற இளவரசன் படையோடு ஊர் திரும்புகிறான். வழியில் ஆற்றுப்பாலம். பாலத்தைக் காவல் காக்கிறவன் மூச்சிரைக்க அரண்மனைக்கு ஓடிவந்து, "நடு உத்தரத்தில் விரிசல் விட்டிருக்கிறது அரசே, படையை நிறுத்துங்கள்" என்கிறான். அரசன் ஏழு மந்திரிகளைக் கூட்டுகிறான். விரிசல் என்றால் என்ன என்று ஏழு பேரும் ஏழு விளக்கம் சொல்கிறார்கள். கடைசியில், விரிசல் பாலத்தில் இல்லை, காவலன் பார்வையில்தான் என்று முடிவாகிறது. காவலன் சிறைக்குப் போகிறான். அரசன், "விருந்து தயாராகட்டும்! என் மகன் வருகிறான்!" என்று முழங்குகிறான்.

அங்கே நாற்பத்தெட்டாம் பக்கம் முடிகிறது. எங்கள் நாடகமும் அங்கேதான் முடிந்தது.

காரணம், ஜெராக்ஸ். மாணவர் ஒருவருக்கு ஒரு பருவத்துக்கு எழுபது தாள் என்பது பள்ளியின் சட்டம். லென்ஸ் விளக்கத் தாள்களே இருபத்திரண்டு பிடித்துக்கொண்டன. நாடகத்துக்கு மிஞ்சியது நாற்பத்தெட்டு. ஜெராக்ஸ் அறைக்காரர் கதவருகில் வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், நாப்பத்தெட்டோட நிறுத்திட்டேன். இன்னும் ஒரு இருபது பக்கம் இருக்கு. என்ன பண்ணட்டும்?"

"விடுப்பா. மீதியை லென்ஸ் பாத்துக்கும்" என்றேன்.

எப்பேர்ப்பட்ட வாக்கியம் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. மூலப் புத்தகம் பள்ளியில் ஒன்றே ஒன்று. கெட்டி அட்டை, நல்ல தடிமன். இலக்கிய அறையில் திரைக்கருவியை வைத்திருந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை. புத்தகத்தை அதன் அடியில் கொடுத்ததும் படம் சுவரில் நேராக விழுந்தது. ஒரு செம்மையான நூல் கல்விக்கு இதைவிட நேரடியாக உதவ முடியாது.

பிறகு நடந்ததைப் பொற்காலம் என்றே சொல்ல வேண்டும். பெண் லென்ஸ் டீச்சர், நாடகம் முழுவதும் ராணி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். 'ராணியின் மௌனம்' என்று நாற்பது பக்கக் கட்டுரை எழுதினார். படித்துவிட்டுத் தலைமையாசிரியை மூக்கை உறிஞ்சினார். உழைப்பு லென்ஸ் சார், பாலத்தைக் கட்டியவர்களின் வேலைநேரம் பற்றி நாடகம் வாய் திறக்கவே இல்லை என்று கொதித்தார். மனசு லென்ஸ் சார், பாலம் என்பது அம்மா என்றார். அவருக்கு எல்லாமே அம்மாதான். போன வருடம் பள்ளிப் பேருந்தையும் அப்படித்தான் சொன்னார். இயற்கை லென்ஸை, எப்போதும் மைதானத்தில் நிற்கிறவர் என்பதால் உடற்பயிற்சி ஆசிரியருக்குக் கொடுத்தோம். "ஆத்தோட கருத்து என்னன்னு யாருமே கேக்கலையே சார்!" என்றார். அறை உறைந்துபோயிற்று. உண்மைதான், யாரும் கேட்கவில்லை.

"அட்டையில 'துன்பியல் நாடகம்'னு போட்டிருக்கே சார். விருந்தோட முடியுது. இதுல துன்பம் எங்க?" என்று ஒரு மாணவன் கேட்டான். ராணி பேசாததுதான் துன்பம் என்றார் பெண் லென்ஸ். கூலிதான் என்றார் உழைப்பு லென்ஸ். ஏழு லென்ஸிலும் ஏழு துன்பம் கிடைத்தது. அவன் மிரண்டுபோய் உட்கார்ந்தான்.

எல்லாம் கண்ணும் கருத்துமாகப் போய்க்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியது வினை. இரண்டு நாளாக இலக்கிய அறையில் படம் கோணலாக விழுந்தது. மேஜைக்கடியில் இருந்த புத்தகத்தைக் காணோம். மூன்றாம் நாள் தானாகவே திரும்பி வந்துவிட்டது. அன்று சாப்பிடும்போது என் மகள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்பா, இளவரசன் செத்துடறான்ப்பா."

"எந்த லென்ஸ்ல?"

"புத்தகத்துல."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்படி ஒரு லென்ஸே கிடையாதும்மா."

"ஐயோ, அஞ்சாவது அங்கம்னு ஒண்ணு இருக்குப்பா. பாலம் இடிஞ்சு விழுந்துடுது. ராணி எவ்வளவு பேசுறாங்க தெரியுமா? பன்னெண்டு பக்கம்! நான் அழுதுட்டேன்."

"அழுகைங்கிறது முறையியல் இல்ல. மார்க் வராது."

அவளுக்கு அழுகை இன்னும் கண்ணோரம் மிச்சமிருந்தது. பதினோராம் வகுப்பில் இலக்கியப் பிரிவில் சேர வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள். அதற்கு இலக்கியத் தாளில் அறுபது வேண்டும். நாடகக் கேள்விக்கு மட்டும் நாற்பது. "உனக்குப் பிடிச்ச லென்ஸ் ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு எழுதிட்டு வாம்மா" என்று ஒரு தகப்பனாக நயமாகத்தான் சொன்னேன்.

எழுதவில்லை. தேர்வில் கேள்வி: 'இளவரசனின் வருகையை ஏதேனும் ஒரு லென்ஸ் வழியாக விளக்குக.' நூற்றுப் பன்னிரண்டு பேர் விளக்கினார்கள். ஒரே ஒரு விடைத்தாள், இருபத்தேழாம் எண், 'இளவரசன் வரவில்லை' என்று ஆரம்பித்தது.

லென்ஸ் குழு இலக்கிய அறையில் அவசரமாகக் கூடியது. நான், ஏழு லென்ஸையும் பங்கு போட்டுக்கொண்ட நாலு லென்ஸ்காரர்கள், தலைமையாசிரியை, குறிப்பெடுக்க அலுவலக எழுத்தர். மொத்தம் ஏழு பேர். விடைத்தாளில் எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் பெற்ற பிள்ளையின் எழுத்து தெரியாதா? தெரிந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நடுநிலைமை என்று ஒன்று இருக்கிறதே.

"ராணி ஓன்னு அழறாங்களாம்!" பெண் லென்ஸ் டீச்சருக்குக் குரல் நடுங்கியது. "என் நாப்பது பக்கம் என்னத்துக்கு ஆகறது?"

"செத்தானா இல்லையாங்கிறதை எப்படி முடிவு பண்றது?" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். பாவம், விளையாட்டில் கோல் விழுந்ததா இல்லையா என்று பார்த்தே பழகியவர்.

"ஜனநாயக முறையில" என்றேன்.

வாக்கெடுப்பு நடந்தது. சாகவில்லை: ஆறு. மனசு லென்ஸ் சார் மட்டும், "உடம்பு உயிரோட இருக்கு, மனசு செத்துடுச்சு" என்று நடுநிலை வகித்தார். 'இளவரசர் சாகவில்லை என இக்குழு பெரும்பான்மையாகத் தீர்மானிக்கிறது. இருபத்தேழாம் எண் விடை நூலுக்குப் புறம்பானது.' எவ்வளவு மதிப்பெண் என்று எழுத்தர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு மார்க்காவது போடலாமே என்று இழுத்தார் தலைமையாசிரியை. நான்தான் விட்டுக்கொடுக்கவில்லை. பூஜ்யம் என்றேன். என் பேனாவாலேயே போட்டேன். மேஜையைத் தட்டிப் பாராட்டினார்கள். புத்தகம் அந்த மேஜைக்கு அடியிலேயே இருந்தது. யாரும் குனியவில்லை.

மற்ற கேள்விகளில் அவள் அறுபதுக்கு ஐம்பத்தெட்டு வாங்கியிருந்தாள். மொத்தமும் ஐம்பத்தெட்டு. இரண்டு மார்க்கில் இலக்கியப் பிரிவு போயிற்று.

என் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். பணி முடிந்து வந்தவளிடம் தீர்மானத்தின் நுட்பத்தை விளக்கினேன். காலணியைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆள் செத்தாச்சான்னு தெரியணும்னா நாங்க நாடி பிடிச்சுப் பாப்போம். ஓட்டு எடுக்க மாட்டோம்."

"அது விஞ்ஞானம். இது இலக்கியம்."

"அப்ப உங்க இலக்கியத்துல யாரு வேணும்னாலும் பொழைச்சுக்கலாம். பெத்த பொண்ணு மட்டும் முடியாது. அப்படித்தானே?"

மருத்துவத் துறையினருக்குப் பன்முக வாசிப்பு கைவராது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பருவத்தின் கடைசி வாரம், எங்கள் புகழைக் கேள்விப்பட்டுக் கல்வித் துறை அதிகாரி ஒருவர், மாதிரி வகுப்பு ஒன்றைப் பார்க்க வந்தார். இலக்கிய அறைச் சுவரில் ஏழு லென்ஸ்களும் மின்னின. ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து ஒவ்வொரு லென்ஸில் பேசியது. அதிகாரி திருப்தியாகத் தலையாட்டியபடி கையிலிருந்த தாளைப் பார்த்துக் கேட்டார்:

"ரொம்ப நல்லது. ஐந்தாம் அங்கத்துல ராணியோட புலம்பலை எந்த லென்ஸ்ல பாத்தீங்க?"

பெண் லென்ஸ் டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள்ளிருந்து எழுந்து நடந்து வந்துகொண்டிருந்தது.

அப்போது என் மகள் எழுந்தாள். நேராக மேஜையருகில் போய்க் குனிந்து புத்தகத்தை உருவினாள். மேஜை சாய்ந்தது. ஏழு லென்ஸ்களும் சுவரிலிருந்து வழுக்கிக்கொண்டு போய் மூலைக் குப்பைக்கூடையின் மேல் விழுந்தன. அவள் படித்தாள்.

"பாலத்தைப் பார்த்தவன் ஒருவன். பாராதவர் ஏழு பேர். நீ எண்ணிக்கையை நம்பினாய், அரசே. தண்ணீர் எண்ணாமலே என் மகனைக் கொண்டுபோயிற்று."

பன்னிரண்டு பக்கத்தையும் படித்தாள். துன்பம் எங்கே என்று கேட்ட பையன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஜெராக்ஸ் அறைக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கைக்குட்டையைத் தேடினேன். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு அடுத்து நான் செய்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

"பிரமாதம்!" அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "நான்கூட இதைப் படிச்சதில்ல. கேள்வி மட்டும் தாள்ல எழுதிக் கொடுத்திருந்தாங்க. இது என்ன முறை?"

"முழுநூல் லென்ஸ், ஐயா" என்றேன். "எட்டாவது. நம்ம துறையோட சொந்தக் கண்டுபிடிப்பு."

ஒரு மாதத்தில் கேடயம் வந்தது. பயிற்சியாளர் தம் பெட்டியில் எட்டாவது லென்ஸையும் சேர்த்துக்கொண்டார். நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பது எப்படி என்று இப்போது ஊர் ஊராக மூன்று நாள் பயிற்சி கொடுக்கிறார். பெண் லென்ஸ் டீச்சர் 'ராணியின் ஓலம்' என்று அறுபது பக்கம் எழுதிவிட்டார்.

இருபத்தேழாம் எண்ணைப் பற்றியும் குழு கனிவோடு பரிசீலித்தது. அந்த விடை சரி என்றால், முழு மார்க் வாங்கிய நூற்றுப் பன்னிரண்டு விடைகளும் தவறாகிவிடும். பெற்றோர்கள் படையெடுத்து வருவார்கள். கையெழுத்தான தீர்மானத்தைத் திறப்பதற்கு விதியில் இடமில்லை. அந்த விதியை எழுதியவனும் நான்தான். மகள் கணினிப் பிரிவில் சேர்ந்தாள்.

கேடயம் வந்த அன்று அதைக் கூடத்து அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் கணினிப் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அஞ்சாவது அங்கம் கடைசிப் பக்கம் படிச்சீங்களா?"

"அன்னைக்கு நீ படிச்சதோட சரி. நேரம் எங்க இருக்கு?"

"அதுக்கப்புறம் ஒரு காட்சி இருக்குப்பா. எல்லாம் முடிஞ்சப்புறம் ராஜா தனியா நடந்து சிறைக்குப் போறாரு. தன் கையாலயே பூட்டைத் திறந்து, அந்தக் காவல்காரனை வெளியே கூட்டிட்டு வந்து, 'நீ சரியாப் பாத்த, நான்தான் பாக்கல'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்றாரு." ஒட்டுத்தாளைப் பல்லால் கிழித்தாள். "அந்த ராஜாவாவது கதவைத் திறந்தாருப்பா."

எந்த லென்ஸில் சொல்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேடயத்தில் என் முகம் தெரிந்தது. கேட்கவில்லை.

ஆகவே, பாராட்டு விழாவுக்கு வந்திருக்கும் பெரியோர்களே, ஒரு சிறு திருத்தத்தோடு என் ஏற்புரையை முடித்துக்கொள்கிறேன். முழுநூல் லென்ஸைக் கண்டுபிடித்தவன் நானல்ல. கண்டுபிடித்தவளுக்குப் பூஜ்யம் போட்டவன்தான் நான்.